அர்ஜென்டினாவுக்குக் கொடி கட்டுறோம்... நம்ம இந்தியா மேட்ச் எப்போ தெரியுமா? - கள்ளக்குறிச்சி டு கல்வராயன் ஃபுட்பால் ரசிகர் கையேடு!

மெஸ்ஸியா, ரொனால்டோவா? இந்தக் கேள்வியைக் கேட்டால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் சண்டை வரும், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கமும் சண்டை வரும். உலகக் கோப்பை சமயத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க நீலமும் வெள்ளையும் மஞ்சளும்தான். ஆனா, ‘இந்திய ஃபுட்பால் டீமோட அடுத்த மேட்ச் யார்கூட, என்னைக்கு?’ன்னு கேட்டுப் பாருங்க. சண்டை போட்ட அத்தனை பேரும் அமைதியாகிடுவாங்க.

இதுல உங்க தப்பு பெருசா ஒண்ணும் இல்லை. கிரிக்கெட் வருஷம் முழுக்க நம்ம கண் முன்னாடியே இருக்கு. இந்திய ஃபுட்பால் அணியோ வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவு மேட்ச்தான் ஆடும். அதுவும் எந்த சேனல்னு கடைசி நேரத்துலதான் தெரியும். ஜெயிச்சாலும் நியூஸ்ல ஒரு வரி, தோத்தா ஒரு மீம். இதுக்கு நடுவுல ஒருத்தர் ரசிகரா இருக்கணும்னா கொஞ்சம் உழைக்கணும். அந்த உழைப்புக்கான வழிகாட்டிதான் இது. தகுதிச்சுற்று எப்படி நடக்குது, எங்கே பார்க்கிறது, ஸ்டேடியம் வரைக்கும் எப்படிப் போறது, தோத்தா என்ன பண்றது... எல்லாம் இங்கே இருக்கு.

முதல்ல காலண்டர்!

ஃபுட்பால் வீரர்கள் வருஷத்தின் பெரும்பகுதி அவங்க கிளப்புக்குத்தான் ஆடுறாங்க. சுனில் சேத்ரி என்றால் பெங்களூரு எஃப்.சி., லாலியன்சுவாலா சாங்தே என்றால் மும்பை சிட்டி எஃப்.சி. நாட்டுக்காக ஆட அவங்களை விட்டுத்தர வேண்டிய நாள்களை ஃபிஃபா முன்கூட்டியே குறித்துவிடுகிறது. அதுக்குப் பேர் ‘ஃபிஃபா விண்டோ’. பொதுவா மார்ச், ஜூன், செப்டம்பர்-அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும்.

இந்த நாலு சீசனையும் போன் காலண்டரில் போட்டு வெச்சுக்கோங்க. பாதி வேலை முடிஞ்சது. இந்திய அணி மேட்ச் ஆடினா பெரும்பாலும் இந்த நாள்களில்தான். மத்த நேரத்துல ‘இந்தியா எங்கடா ஆடுது?’ன்னு தேடினா ஒண்ணும் கிடைக்காது.

அந்த மேட்ச்சும் ரெண்டு வகை. ஒண்ணு, ‘ஃப்ரெண்ட்லி’. பயிற்சிக்கான நட்பு ஆட்டம். இன்னொண்ணு, ‘குவாலிஃபையர்’ எனப்படும் தகுதிச்சுற்று. ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை ஃபிஃபா தரவரிசைக் கணக்கே சொல்லும். விண்டோவுக்குள் ஆடும் ஃப்ரெண்ட்லிக்கு மதிப்பு 10 என்றால், தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு 25. ஒரு குவாலிஃபையரில் தோற்றால் தரவரிசை ஏன் சட்டுன்னு சரியுதுன்னு இப்போ புரியுதா? 2023 ஜூலையில் இந்தியா 99-வது இடத்துக்கு ஏறியது. அதற்குப் பிறகு வந்த தோல்விகளில் 130-க்கும் கீழே இறங்கிவிட்டது. தரவரிசை வெறும் கௌரவம் இல்லை. அடுத்த தகுதிச்சுற்றில் எந்த அணிகளோடு ஒரே குரூப்பில் விழுவோம் என்பதையும் அதுதான் முடிவு பண்ணுது.

தகுதிச்சுற்று... மலைப்பாதை மாதிரி!

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலை ஏறும்போது வளைவுக்கு மேல வளைவு வரும் இல்லையா? உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றும் அப்படித்தான். ஒரே மேட்ச்சில் மேலே போய்விட முடியாது.

2026 உலகக் கோப்பைக்கு ஆசியாவில் நடந்ததை வைத்தே பார்ப்போம்.

* முதல் சுற்று: தரவரிசையில் கடைசியில் இருக்கும் 20 நாடுகள் மட்டும் ஆடின. பாதி வெளியே. இந்தியா இதில் ஆட வேண்டிய அவசியம் வரவில்லை.

* இரண்டாம் சுற்று: 36 நாடுகள், 9 குரூப். ஒரு குரூப்பில் 4 அணிகள். ஒவ்வொரு அணியோடும் சொந்த மண்ணில் ஒன்று, அவங்க ஊரில் ஒன்று என மொத்தம் 6 மேட்ச். முதல் 2 இடங்களைப் பிடித்தால் அடுத்த சுற்று.

* மூன்றாம் சுற்று: 18 அணிகள், 3 குரூப். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் 2 அணிகளுக்கு உலகக் கோப்பை டிக்கெட்.

* அதற்கும் மேல்: 3-வது, 4-வது இடம் பிடித்தவர்களுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு. அங்கிருந்து மேலும் 2 அணிகள். ஆக ஆசியாவுக்கு நேரடியாக 8 இடங்கள், கூடவே மற்ற கண்டங்களோடு மோதி ஜெயித்தால் இன்னும் ஒன்று.

உலகக் கோப்பையில் 32 அணி 48 அணியானதால்தான் இத்தனை இடம். முன்பெல்லாம் ஆசியாவுக்கு நாலரை இடம்தான். அதனால்தான் ‘இந்த முறையாவது...’ என்ற ஆசை நமக்கு வந்தது.

இதுல முக்கியமான ஒரு விஷயம். இரண்டாம் சுற்றில் முதல் 2 இடம் பிடித்த 18 அணிகளும் 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரடியாகப் போய்விட்டன. 24 அணிகள் ஆடும் அந்தத் தொடரில் மிச்சம் இருந்தது வெறும் 6 இடம். அந்த ஆறுக்கு 24 நாடுகள் போட்டி. 6 குரூப், குரூப்புக்கு ஒரே ஒரு அணி. ஒரு வளைவில் சறுக்கினால் அடுத்த வளைவு எவ்வளவு செங்குத்தா மாறுதுன்னு பாருங்க. இந்தியாவுக்கு நடந்தது அதுதான்.

என்னதான் நடந்தது?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதயமானது 2019 நவம்பர் 26. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னாடி மஸ்கட்டில் ஓமனிடம் 0-1 எனத் தோற்று, 2022 உலகக் கோப்பை வாய்ப்பைக் கிட்டத்தட்ட இழந்தது இந்தியா. அந்தப் பயணத்திலும் ஒரு பொன்னான ராத்திரி உண்டு. 2019 செப்டம்பர் 10, தோஹா. ஆசிய சாம்பியன் கத்தாரை அவங்க ஊரிலேயே 0-0 என நிறுத்தியது இந்தியா. உடம்பு சரியில்லாமல் சேத்ரி ஆடவில்லை. கோல்கீப்பர் குர்ப்ரீத் சிங் சந்து கேப்டன். வந்த பந்தையெல்லாம் தடுத்தார். ஒரு கோல்கூட அடிக்காத மேட்ச்சை நாடே கொண்டாடியது அன்னைக்குத்தான்.

2026 உலகக் கோப்பைக்கான பயணம் இப்படிப் போனது:

* 2023 நவம்பர் 16: குவைத்தில் 1-0 வெற்றி. மன்வீர் சிங் கோல். அருமையான தொடக்கம்.

* நவம்பர் 21: புவனேஸ்வரில் கத்தாரிடம் 0-3.

* 2024 மார்ச்: ஆப்கானிஸ்தானோடு சவுதியில் 0-0. அடுத்து குவாஹாட்டியில் 1-2 தோல்வி. உண்மையில் வலித்தது இதுதான்.

* ஜூன் 6: கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். சேத்ரியின் விடைபெறும் ஆட்டம். குவைத்தோடு 0-0.

* ஜூன் 11: தோஹா. கத்தாரை ஜெயித்தால் மூன்றாம் சுற்று. 37-வது நிமிஷத்தில் சாங்தே கோல் அடிக்க, இந்தியா முன்னிலை. 73-வது நிமிஷத்தில் கத்தாரின் பதில் கோல். ஆனால் பந்து அதற்கு முன்பே எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது. டிவியில் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது, நடுவருக்குத் தெரியவில்லை. அந்தச் சுற்றில் ‘வி.ஏ.ஆர்’ எனும் வீடியோ ரிவியூ வசதியும் கிடையாது. கடைசியில் 1-2.

ஜெயித்திருந்தால் 8 புள்ளிகளோடு இந்தியா மேலே போயிருக்கும். 7 புள்ளிகளோடு குவைத் போனது.

கோபம் வருதா? வரணும். ஆனா நியாயமா யோசிச்சா இன்னொண்ணும் புரியும். அந்த ஒரு கோலை மட்டும் சொல்லி முடிச்சுக்க முடியாது. ஆறு மேட்ச்சில் இந்தியா அடித்ததே 3 கோல்தான். குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானை ஜெயித்திருந்தால் தோஹாவில் நடுவரை நம்பி நிற்க வேண்டிய நிலை வந்திருக்காது. நல்ல ரசிகருக்கு இந்த ரெண்டு உண்மையும் சேர்ந்தே தெரியும்.

அடுத்தது 2027 ஆசியக் கோப்பை தகுதிச்சுற்று. குரூப்பில் ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம். ‘இதெல்லாம் ஈஸி குரூப்’னு சொன்னாங்க. ஓய்விலிருந்து சேத்ரியே திரும்பி வந்தார். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. ஜூனில் ஹாங்காங்கிடம் 0-1. அக்டோபரில் சிங்கப்பூரில் பத்தே பேரோடு போராடி, 90-வது நிமிஷத்தில் ரஹீம் அலி அடித்த கோலால் 1-1. ஐந்து நாள் கழித்து கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1-2. கதை முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1.

வங்கதேசம் எப்படி இப்படி மாறுச்சு? இங்கிலாந்தில் பிறந்து, பிரீமியர் லீக்கில் ஆடிய ஹம்சா சௌத்ரி போன்ற வெளிநாட்டு வாழ் வீரர்களை அவங்க அணிக்குள் கொண்டுவந்தாங்க. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவர் இந்தியாவுக்கு ஆடணும்னா வெளிநாட்டு பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்து இந்திய பாஸ்போர்ட் வாங்கணும். போதாக்குறைக்கு 2025-ல் ஒப்பந்தச் சிக்கலில் ஐ.எஸ்.எல். சீசனே தள்ளிப்போனது. வருஷத்துக்குப் போதுமான மேட்ச் ஆடாத வீரர்களிடம் 90-வது நிமிஷத்தில் மூச்சு எதிர்பார்ப்பது கஷ்டம்தான்.

பக்கத்து மாவட்டத்தில் இருக்காங்க நம்ம ஸ்டார்ஸ்!

‘அப்போ எதுக்குப்பா சப்போர்ட் பண்ணணும்?’னு கேட்கிறீங்களா? கொஞ்சம் கிழக்கே திரும்புங்க.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் பண்ருட்டி. முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன ஊர். இந்தியப் பெண்கள் அணியின் ஃபார்வர்டு சந்தியா ரங்கநாதன் அந்தப் பக்கத்துப் பொண்ணு. நடுகள வீராங்கனை இந்துமதி கதிரேசனும் கடலூர் மாவட்டம்தான். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டரும்கூட. 2020 கொரோனா ஊரடங்கில் சென்னையில் காக்கி உடையில் டியூட்டி பார்த்துக்கிட்டிருந்தவர், நிலைமை சரியானதும் நீல ஜெர்ஸிக்குத் திரும்பினார். கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்தெடுத்த பெண்கள் ஃபுட்பால் கூட்டத்தின் பலன் இது. தமிழ்நாடு பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனது.

இந்தியப் பெண்கள் அணி செய்ததைக் கேளுங்க. 2025 ஜூன்-ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாயில் ஆசியக் கோப்பை தகுதிச்சுற்று. மங்கோலியாவை 13-0, திமோர்-லெஸ்தேயை 4-0, இராக்கை 5-0. கடைசி மேட்ச் ஜூலை 5, தாய்லாந்தோடு, அவங்க சொந்த மண்ணில். தாய்லாந்து ரெண்டு உலகக் கோப்பை ஆடிய அணி. சங்கீதா பாஸ்ஃபோர் ரெண்டு கோல் அடிக்க, 2-1 என ஜெயித்தது இந்தியா. தகுதிச்சுற்று ஆடி, ஜெயித்து, பெண்கள் ஆசியக் கோப்பைக்கு இந்தியா போவது வரலாற்றில் அதுவே முதல்முறை. அந்த அணியில் தமிழ்நாட்டின் கார்த்திகா அங்கமுத்து, பிரியதர்ஷினி செல்லதுரை ஆகியோரும் இருந்தாங்க.

அந்த ராத்திரி எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வெச்சோம்? ‘இந்தியா ஜெயிக்கவே மாட்டேங்குது’னு சொல்றதுக்கு முன்னாடி, ஜெயிக்கிற இந்தியாவை நாம பார்க்கிறோமான்னும் கேட்டுக்கணும்.

பெரியவங்க மட்டும் இல்லை. 2025 நவம்பர் 30-ல் அகமதாபாத்தில் 17 வயதுக்குட்பட்ட பசங்க அணி இரானை 2-1 என ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 17 வயது, 20 வயதுக்குட்பட்ட பெண்கள் அணிகளும் 2025-ல் அவங்கவங்க ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றன. இவங்கதான் அடுத்த பத்து வருஷத்துக்கான அணி. இப்போதிருந்தே பேர் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா, நாளைக்கு ‘நான் அப்பவே சொன்னேன்ல’னு காலரைத் தூக்கலாம்.

இன்னொரு தகவல். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1948 லண்டன், பிரான்ஸுக்கு எதிராக. நம்ம வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடிய மேட்ச் அது. இதுவரைக்குமான கடைசி கோலை அடித்தவர் தமிழ்நாட்டின் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம், பெருவுக்கு எதிராக. அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. ‘ஃபுட்பால்னா வங்காளம், கேரளா, கோவா’னு யாராவது சொன்னா இந்த ரெண்டு பேரையும் சொல்லுங்க.

மலையில சிக்னல் இல்லையா? இப்படிப் பாருங்க!

இந்திய அணியின் மேட்ச் ஒருமுறை ஒரு ஓ.டி.டி.யில் வரும், அடுத்த முறை வேறொன்றில் வரும். அதனால் வருஷ சந்தா கட்டிட்டு ஏமாறாதீங்க. மேட்ச்சுக்கு முதல் நாள் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் (ஏ.ஐ.எஃப்.எஃப்) அதிகாரபூர்வ சமூக வலைதளப் பக்கத்தைப் பாருங்க. நேரம், சேனல் ரெண்டும் அதில் வரும்.

* நேரம்: இந்தியாவில் நடக்கும் மேட்ச் பெரும்பாலும் இரவு 7, 7.30 மணிக்கு. கத்தார், குவைத் பக்கம் என்றால் இரவு 9 மணிக்கு மேல். சிங்கப்பூர், ஹாங்காங் என்றால் சாயங்காலமே தொடங்கிடும். காலேஜ் விட்டு வர்றதுக்குள் முதல் பாதி முடிஞ்சுடலாம், உஷார்.

* டேட்டா: கல்வராயன் மலை ஊர்களில் சிக்னல் விட்டு விட்டு வரும். வீடியோ தரத்தைத் தானியங்கியில் விடாமல் குறைந்த அளவுக்கு மாத்திடுங்க. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சுத்திக்கிட்டே நிக்காது.

* வீடியோவே வரலையா? வார்த்தைகளில் நேரலை ஸ்கோர் தரும் ஆப் ஒன்றில் அலெர்ட் போட்டு வெச்சுக்கோங்க. கோல், சிவப்பு அட்டை, மாற்று வீரர் எல்லாம் மெசேஜ் மாதிரி வந்துடும். அதுக்கு லேசான சிக்னல் போதும்.

* ஒரே போன், பத்துப் பேர்: பத்து போனில் பத்து ஸ்ட்ரீம் ஓடினால் பத்தும் நிக்கும். சிக்னல் நல்லா வர்ற ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்க. ஒரு போனை டிவியோடு இணைச்சு எல்லாரும் சேர்ந்து பாருங்க. டேட்டா செலவைப் பங்கு போட்டுக்கலாம். பவர் பேங்க்கை முன்னாடியே சார்ஜ் போட்டு வையுங்க. மலையில் மழை பிடிச்சா கரன்ட் எப்போ போகும்னு உங்களுக்கே தெரியும்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னொரு ஐடியா. நீங்க சாயங்காலம் ஆடுற கிரவுண்டு டீமையே ரசிகர் குழுவா மாத்துங்க. விண்டோ வரும் வாரத்தில் ஒரு மெசேஜ் போதும்: ‘செவ்வாய் 7.30, நம்ம வீட்டு மாடி.’ ஐ.பி.எல்-லுக்குச் சேர்ற கூட்டம், சொன்னா இதுக்கும் சேரும். தவிர, முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டிகளில் ஃபுட்பாலும் உண்டு. நம்ம பள்ளிப் பசங்க, பொண்ணுங்க ஆடுற அந்த மேட்ச்சுக்குப் போய் நாலு பேர் கைதட்டுறதும் இந்திய ஃபுட்பாலுக்கான சப்போர்ட்தான்.

ஸ்டேடியத்துக்கே போகணுமா?

கண்டிப்பா ஒருமுறையாவது போகணும். டிவியில் தெரியாத விஷயம் அங்கே நிறைய இருக்கு. கிக்-ஆஃபுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான குரல் ஒண்ணா தேசிய கீதம் பாடும்போது சும்மா நிக்க முடியாது. 2023 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் தெற்காசியக் கோப்பை ஃபைனல். குவைத்தை பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் 5-4 என ஜெயித்ததும், மொத்த ஸ்டேடியமும் ‘வந்தே மாதரம்’ பாடிய வீடியோ இப்பவும் சுத்துது. தேடிப் பாருங்க.

* எங்கெல்லாம் ஆடுறாங்க? சமீப வருஷங்களில் கொல்கத்தா, புவனேஸ்வர், குவாஹாட்டி, ஷில்லாங், கோவா, ஹைதராபாத், பெங்களூரு. நமக்குப் பக்கம் பெங்களூருதான்.

* எப்படிப் போறது? கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், ஆத்தூர் வழியாக சேலத்துக்கு பஸ் பிடிங்க. சேலம் ஜங்ஷனிலிருந்து பெங்களூருக்கும், கொச்சிப் பக்கம் என்றால் எர்ணாகுளத்துக்கும் ரயில் இருக்கு. கொல்கத்தா, புவனேஸ்வர் என்றால் சென்னை போய் ஹௌரா ரயில் ஏறணும். அதுக்கு மாசக்கணக்கில் முன்பதிவு வேணும்.

* மலை ஊர்க்காரங்களுக்கு: திரும்பி வரும்போது கடைசி பஸ்ஸைத் தவறவிட வாய்ப்பு அதிகம். கள்ளக்குறிச்சியில் உறவினர், நண்பர் வீட்டில் ஒரு ராத்திரி தங்க முன்னாடியே சொல்லி வையுங்க. வீட்டிலும் சொல்லிட்டுப் போங்க.

* டிக்கெட்: ஆன்லைனில்தான் பெரும்பாலும் வரும். விலை மேட்ச்சுக்கு மேட்ச் மாறும். ஏ.ஐ.எஃப்.எஃப் பக்கத்தில் வரும் லிங்கைத் தவிர வேறெங்கும் பணம் கட்டாதீங்க.

* உள்ளே போகும்போது: பெரிய பேக், தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே நிறுத்திடுவாங்க. அடையாள அட்டை, போன், கொஞ்சம் காசு போதும்.

* தனியா போறீங்களா? ‘ப்ளூ பில்கிரிம்ஸ்’ என்ற ரசிகர் குழுவைத் தெரிஞ்சுக்கோங்க. 2017-ல் இந்தியாவில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்தப்போ உருவான குழு. இந்தியா எங்கே ஆடினாலும் டிரம்ஸோட ஒரு ஸ்டாண்டைப் பிடிச்சு நிப்பாங்க. மொழி தெரியாட்டியும் பரவாயில்லை. கைதட்டுறதுக்கு மொழி வேண்டாம்.

2,569 டு 59,000!

ஒரு கதை சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 2018 ஜூன் 1, மும்பை. இந்தியா சைனீஸ் தைபேயை 5-0 என வெளுத்தது. சேத்ரி ஹாட்ரிக். பார்க்க வந்தவங்க எத்தனை பேர் தெரியுமா? 2,569.

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்க, விமர்சனம் பண்ணுங்க, ஆனா ஸ்டேடியத்துக்கு வந்து பண்ணுங்க என்பதுதான் அதன் சாரம். ஒரு நாட்டின் கேப்டன், கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். அடுத்த மேட்ச் ஜூன் 4, கென்யாவோடு. சேத்ரியின் 100-வது சர்வதேச ஆட்டம். டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையில் கூட்டம் நின்றது. இந்தியா 3-0. ரெண்டு கோல் சேத்ரி.

ஆறு வருஷம் கழித்து கொல்கத்தாவில் அவர் விடைபெற்றபோது வந்தவங்க ஏறக்குறைய 59,000 பேர். மேட்ச் 0-0. ஆனாலும் யாரும் சீக்கிரம் கிளம்பலை.

இதுல நமக்கான பாடம் என்ன? விமர்சனம் பண்றது தப்பே இல்லை. ஃபார்மேஷன் சரியில்லையா, பயிற்சியாளர் தேர்வு தப்பா, சம்மேளன நிர்வாகம் மோசமா... தாராளமா கேளுங்க. கேட்கிற ரசிகர்கள் இல்லாத விளையாட்டு வளராது. ஆனா, தப்புப் பண்ண வீரரின் இன்ஸ்டாகிராமில் போய் அவர் குடும்பத்தை, மாநிலத்தை, முக அமைப்பை வெச்சுத் திட்டுறது விமர்சனம் இல்லை. மிசோரம், மணிப்பூரிலிருந்து வரும் பசங்க நிறைய பேர் நம்ம அணியில் இருக்காங்க. அவங்க போட்டிருக்கிறதும் அதே நீல ஜெர்ஸிதான். இன்னொரு சின்ன அளவுகோல்: முழு மேட்ச்சையும் பார்த்தவங்க மட்டும் மீம் போடலாம்!

இந்த வார்த்தைகள் தெரிஞ்சா போதும்

* ஹோம் / அவே: சொந்த ஊர் மேட்ச் / எதிரணி ஊர் மேட்ச். தகுதிச்சுற்றில் ஹோம் மேட்ச்சை ஜெயிச்சே ஆகணும், அவேயில் டிரா பண்ணினாலும் லாபம் என்பது பொதுவான கணக்கு.

* புள்ளிகள்: வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, தோல்விக்கு 0.

* கோல் வித்தியாசம்: அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது. 2019-ல் மியான்மரில் நடந்த ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் இந்தியப் பெண்கள் அணி மியான்மரோடு 3-3 டிரா செய்து, புள்ளிகளில் சமமாக இருந்தும், கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. 4-0 என முன்னிலையில் இருக்கும்போதும் ஐந்தாவது கோலுக்கு ஓடுறாங்களே, ஏன்னு இப்போ புரியும்.

* கேப்: நாட்டுக்காக ஆடிய ஒரு மேட்ச் ஒரு ‘கேப்’. 2024-ல் விடைபெற்றபோது சேத்ரியின் கணக்கு 151 கேப், 94 கோல்.

* க்ளீன் ஷீட்: ஒரு கோல்கூட வாங்காமல் மேட்ச்சை முடிப்பது.

* ஸ்டாப்பேஜ் டைம்: 90 நிமிஷத்துக்குப் பிறகு நடுவர் சேர்க்கும் நேரம். இந்திய ரசிகருக்கு அதிகம் பி.பி. ஏறும் நேரமும் இதுதான்.

இன்னைக்கே செய்யலாம்!

2027 ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி இல்லை. அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று தொடங்கும்வரை பெரிய மேட்ச் குறைவு. ரசிகர்கள் கரைஞ்சு போற காலம் இதுதான். ஆனா புதுசா ஒருத்தர் உள்ளே வர இதைவிட நல்ல நேரமும் கிடையாது. கூட்டம் இல்லாதபோது வந்தவங்களைத்தான் கூட்டம் வந்தபிறகு ‘பழைய ஆளு’ன்னு சொல்வாங்க.

போனை எடுங்க. ஆண்கள் அணி, பெண்கள் அணி ரெண்டு பக்கத்தையும் ஃபாலோ பண்ணுங்க. அடுத்த ஃபிஃபா விண்டோவைக் காலண்டரில் குறிங்க. மெஸ்ஸி கட்சியில் ஒருத்தர், ரொனால்டோ கட்சியில் ஒருத்தர்னு ரெண்டு ஃப்ரெண்ட்ஸுக்கு இந்த லிங்கை அனுப்புங்க. இந்தியா மேட்ச் அன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே கட்சிதான்.